டப்பாவுல இருந்த மூணு அஸித்ரோமைசின்: பயண பேதிக்கு ஆன்டிபயாடிக் எப்போ, எது, எதுக்கு

திருச்சி ஏர்போர்ட் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்டா இருக்கேன், 11 வருஷம் ஆச்சு. போன டிசம்பர்ல ஒரு அக்கா வந்தாங்க, அமெரிக்காவுல இருந்து ஸ்ரீரங்கத்துல அம்மா வீட்டுக்கு லீவுக்கு வந்தவங்க. கையில அந்த ஊர்ல குடுப்பாங்களே அந்த ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் டப்பா, உள்ள அஸித்ரோமைசின் 500 எம்ஜி மூணே மூணு மாத்திரை. இந்தியா போறீங்க, பேதி ரொம்ப ஆயிடுச்சுன்னா போட்டுக்கோங்கன்னு அவங்களுக்கு அங்க டாக்டர் எழுதிக் குடுத்தது. இப்போ அவங்க பையனுக்கு, 9 வயசு, காலையில இருந்து மூணு தடவ தண்ணியா போயிருக்கு. "தம்பி, இதுல ஒண்ண பாதியா ஒடச்சு இவனுக்குக் குடுத்துடவா, நாளன்னைக்கு மதுரையில கல்யாணம், எல்லாரும் வண்டியில போகணும்"னாங்க. பையன் பக்கத்துலயே நிக்கிறான், காய்ச்சல் இல்ல, ரத்தம் இல்ல, வயிறு லேசா வலிக்குதுங்கறான், ஃப்ரிட்ஜ்ல இருக்கிற ஜூஸைக் காட்டி வேணும்னு கேக்குறான். நான் வேண்டாம்னு சொல்லி நாலு ஓஆர்எஸ் பாக்கெட் குடுத்து அனுப்பினேன். நாலு நாள் கழிச்சு அதே அக்காவுக்கு வந்துச்சு, அப்போ பதில் வேற, அதுக்கு அப்புறம் வர்றேன்.

அதே டப்பா, அதே வீடு, ஒரு ஆளுக்கு வேண்டாம், இன்னொரு ஆளுக்கு உடனே போடணும். இந்த வித்தியாசத்த யாருமே உக்காந்து சொல்லித் தர்றதில்லைங்கறதுதான் என் ஆதங்கம். கவுண்டர்ல ஒரு நிமிஷத்துல சொல்ல முடியாது, பின்னாடி ஆறு பேர் நிப்பாங்க, அதனால இங்க எழுதறேன்.

முதல்ல இந்த பேதி என்னன்னு பாப்போம். வெளியூர் போன இடத்துல 24 மணி நேரத்துல மூணு தடவையோ அதுக்கு மேலயோ தண்ணியா போச்சு, கூடவே வயித்துவலி, குமட்டல், காய்ச்சல் இப்படி ஏதாவது ஒண்ணு இருக்கு, அதுக்குத்தான் பயண பேதின்னு பேரு. ரெண்டு வாரப் பயணத்துல, போற ஊரையும் சீசனையும் பொறுத்து 30 முதல் 70 சதவீதம் பேருக்கு வரலாம்னு அமெரிக்காவோட நோய்த் தடுப்பு மையமான சிடிசி கணக்கு சொல்லுது. பெரும்பாலும் பாக்டீரியாதான் காரணம், 80லிருந்து 90 சதவீதம், மீதி நோரோ மாதிரி வைரஸ், ஜியார்டியா மாதிரி ஒட்டுண்ணி. பாக்டீரியாவுல ரொம்பப் பேருக்கு வர்றது ஈ கோலையில ஒரு வகை. அது குடல்ல ஒட்டிக்கிட்டு ஒரு நச்ச விடும், அந்த நச்சு குடல் சுவரக் கிழிக்காது, குடல் செல்லுல இருக்கிற ஒரு ஸ்விட்ச்ச ஆன் பண்ணி விட்டுடும், அவ்வளவுதான், உப்பும் தண்ணியும் உடம்புல இருந்து குடலுக்குள்ள கொட்ட ஆரம்பிச்சிடும். காலரா வேலை செய்யற மாதிரியேதான், ஆனா அவ்வளவு மூர்க்கம் இல்ல. ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர் இதெல்லாம் வேற ரகம், அது குடல் சுவருக்குள்ளயே பூந்துடும், அதனாலதான் அதுல காய்ச்சல், ரத்தம், சளி எல்லாம் வரும். இந்த ரெண்டு ரகத்துக்கும் உள்ள வித்தியாசம் மனசுல இருந்தா மீதி எல்லாம் புரிஞ்சிடும்.

"நான் இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவ, எனக்கு எதுக்கு வரும்"னு அந்த அக்கா கேட்டாங்க. இங்கயே இருக்கறவங்க குடல் சின்ன வயசுல இருந்து அந்தக் கிருமிங்களப் பாத்துப் பாத்துப் பழகியிருக்கும். பத்து வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டா அந்தப் பழக்கம் விட்டுப் போயிடும், அங்கேயே பொறந்த குழந்தைக்கு அது வந்ததே கிடையாது. ஆனா சொந்த வீடுங்கற தைரியத்துல டூரிஸ்டுக்கு இருக்கிற ஜாக்கிரதை இவங்களுக்கு இருக்காது. ஆவி பறக்குற இட்லியில பயம் கம்மி, காலையில பச்சத் தண்ணி விட்டு அரைச்சு மதியம் வரைக்கும் வெளிய இருந்த சட்னியிலதான் ஆபத்து. கரும்பு ஜூஸ்ல போடற ஐஸ், பானிபூரி தண்ணி, இதுங்களும் அதே கணக்குதான்.

இப்போ பையன் கதைக்கு வருவோம். அவனுக்கு ஏன் ஓஆர்எஸ் போதும்னு சொன்னேன்? அந்த நச்சு தண்ணியக் கொட்டற ஸ்விட்ச்ச ஆன் பண்ணினாலும், குடல்ல இன்னொரு வழி கெடாம அப்படியே இருக்கும். குளுக்கோஸும் சோடியமும் ஜோடியா வந்தா மட்டும் திறக்கிற கதவு அது, அது ரெண்டும் உள்ள போகும்போது தண்ணியையும் கூடவே இழுத்துக்கிட்டுப் போகும். சக்கரை மட்டும் குடிச்சாலும் உப்பு மட்டும் குடிச்சாலும் இது நடக்காது, ரெண்டும் அளவா இருக்கணும். 1971 வங்கதேசப் போர் சமயத்துல மேற்கு வங்கத்துல இருக்கிற பன்காவ் அகதி முகாம்ல காலரா வந்தப்போ, ட்ரிப் ஏத்த பாட்டில் தீர்ந்து போய், டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணியில கலந்து ட்ரம்ல வச்சுக் குடிக்கவே குடுத்தாரு, 30 சதவீதம் வரைக்கும் போன சாவு 3.6 சதவீதமா இறங்குச்சு. அந்தப் பொட்டலம்தான் இது. இன்னிக்கு உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலாபடி ஒரு லிட்டருக்கு 20.5 கிராம், அதுல குளுக்கோஸ் 13.5, சமையல் உப்பு 2.6, சிட்ரேட் 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5.

இதுல தினமும் நடக்கிற தப்ப சொல்லியே ஆகணும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணிக்கு, சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்ட ஒரு டம்ளர்ல கொட்டிக் கலக்கிக் குடுத்துட்டு, குழந்தை இன்னும் சோர்ந்து போச்சுன்னு வர்றவங்கள எத்தன பேரப் பாத்திருக்கேன், உப்பு அளவுக்கு மேல போனா அது உதவாது, கெடுதல். அதே மாதிரி பாதி பாக்கெட்ட மடிச்சு வச்சு நாளைக்குக் கலக்கறது, கலக்கினத ரெண்டு நாள் வச்சுக் குடிக்கிறது, இதெல்லாம் வேண்டாம், கலக்கினது 24 மணி நேரத்துக்குள்ள தீரலன்னா கொட்டிடணும். அந்தப் பையன் ஃப்ரிட்ஜ்ல காட்டின ஜூஸ், அது மாதிரி டப்பாவுல வர்ற இனிப்பு பானம் எல்லாம் ஓஆர்எஸ் கிடையாது, சக்கரை அதிகம், பேதிய இன்னும் கூட்டும். உப்பு போட்ட கஞ்சி, மோர் நல்லது. இளநீரும் குடிக்கலாம், ஆனா அதுல பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி, அதனால அது மட்டும் பத்தாது.

சரி, ஆன்டிபயாடிக் எப்போ? 2017ல பயண மருத்துவத்துக்கான சர்வதேச சங்கம் கூடி ஒரு வழிகாட்டி போட்டாங்க, எனக்கு அதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா எத்தன தடவ போச்சுன்னு எண்ணச் சொல்லல, உன்னோட அன்றாட வேலை என்ன ஆச்சுன்னு கேக்கச் சொன்னாங்க. தாங்கிக்கலாம், நெனச்ச வேலையும் நடக்குதுன்னா அது லேசு, ஆன்டிபயாடிக் வேண்டாம். கஷ்டப்படுத்துது, பிளான் கெடுதுன்னா நடுத்தரம், டாக்டர் சொன்னா போடலாம். படுக்கையில தள்ளிடுச்சு, எங்கயும் போக முடியலன்னா கடுமை, அப்போ போடணும். ரத்தம் கலந்து போனா எண்ணிக்கை எவ்வளவு கம்மியா இருந்தாலும் கடுமையிலதான் சேரும், ஆனா காய்ச்சல் இல்லாம ரத்தம் மட்டும் போனா நாமளா ஆரம்பிக்கக் கூடாது, அத பின்னாடி சொல்றேன்.

லேசுக்கும் போட்டா என்ன, சீக்கிரம் சரியாயிடுமேன்னு கேப்பீங்க, நியாயமான கேள்விதான், ஏன்னா மருந்து நெஜமாவே வேலை செய்யும். ஒண்ணும் பண்ணாம விட்டா பாக்டீரியா பேதி மூணு நாள்ல இருந்து ஒரு வாரம் வரைக்கும் இழுக்கும், சரியான ஆன்டிபயாடிக் அதுல ஒரு நாள், ஒன்றரை நாளக் குறைக்கும். வைரஸா இருந்தா ஒரு மணி நேரம்கூடக் குறைக்காது, அது ரெண்டு மூணு நாள்ல தானா போயிடும். ஆக நமக்குக் கிடைக்கிறது ஒரு நாள். அதுக்கு என்ன விலை குடுக்கறோம்ங்கறத 2015ல ஹெல்சின்கியில டாக்டர் அனு கான்டெலே குழு 430 ஃபின்லாந்துப் பயணிகள வச்சுப் பாத்தாங்க, போறதுக்கு முன்னாடியும் வந்த பின்னாடியும் மலத்த டெஸ்ட் பண்ணி. பல ஆன்டிபயாடிக்குக்கு மசியாத ஈஎஸ்பிஎல் கிருமி, பேதியே வராதவங்கள்ல 11 சதவீதம் பேர் குடல்ல ஏறியிருந்துச்சு, பேதி வந்து மாத்திரை போடாதவங்கள்ல 21, பேதி வந்து ஆன்டிபயாடிக்கும் போட்டவங்கள்ல 37. இதுல நம்ம தெற்காசியாவுக்கு வந்து போனவங்கள மட்டும் தனியா எடுத்தா அந்த மூணு எண்ணும் 23, 47, 80. எண்பது! அஞ்சுல நாலு பேர். ஏன் இப்படி ஆகுதுன்னா ஆன்டிபயாடிக் கெட்ட கிருமிய மட்டும் தேடிப் போய் அடிக்காது, குடல்ல குடியிருக்கிற நல்ல கூட்டத்தையும் காலி பண்ணும், அந்தக் காலி இடத்துல சாப்பாட்டு வழியா வர்ற மசியாத கிருமி வந்து உக்காந்துக்கும்.

அது உள்ள இருந்தா உடனே நோய் வரும்னு அர்த்தம் இல்ல, பயப்பட வேண்டாம். நெதர்லாந்துல ரெண்டாயிரம் பயணிகள வச்சு 2017ல வந்த ஆராய்ச்சியில, அந்தக் கிருமி ஏறினவங்கள்ல பாதிப் பேருக்கு ஒரு மாசத்துலயே அது போயிடுச்சு. ஆனா 11 சதவீதம் பேருக்கு ஒரு வருஷம் கழிச்சும் இருந்துச்சு, வீட்டுல இருக்கறவங்களுக்குப் பரவற வாய்ப்பும் 12 சதவீதம்னு கணக்குப் போட்டாங்க. வீட்டுல சர்க்கரை இருக்கிற அப்பா, அடிக்கடி நீர்க்கடுப்பு வர்ற அம்மா இருக்காங்கன்னு வச்சுக்கோங்க, நாளைக்கு அவங்களுக்கு ஒரு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்து வாயில போடற எந்த மாத்திரைக்கும் கேக்காம ஊசி மருந்துக்கு அட்மிட் ஆகற நிலைமை வந்தா, அந்த ஒரு நாள் லாபம் பெருசாத் தெரியாது. கடுமையான பேதிக்கு இந்த விலையக் குடுக்கலாம், குடுத்தே ஆகணும். லேசான பேதிக்குக் குடுக்கக் கூடாது.

இதே காரணத்தாலதான் முன்கூட்டியே தினம் ஒண்ணு போட்டுக்கற யோசனையும் கைவிடப்பட்டுச்சு. 1985லயே அமெரிக்காவோட தேசிய சுகாதார நிறுவனம் இதுக்குன்னு கூட்டம் போட்டு வேண்டாம்னு சொல்லிடுச்சு. காசிக்கு 40 பேர் பஸ் பிடிச்சுப் போறவங்க வந்து "எல்லாருக்கும் தலைக்கு அஞ்சு குடுங்க, போற அன்னிக்கே ஆரம்பிச்சிடறோம்"னு இப்பவும் கேக்குறாங்க.

அடுத்தது எந்த மாத்திரைங்கறது. இது ஊரப் பொறுத்து மாறும்ங்கறது பல பேருக்குத் தெரியாது. ஒரு காலத்துல சிப்ரோஃப்ளாக்ஸசின்தான் எல்லாத்துக்கும் ராஜா. தாய்லாந்துல கேம்பைலோபாக்டர் கிருமியில 1991க்கு முன்னாடி சிப்ரோவுக்கு மசியாதது பூஜ்யம், 1995ல 84 சதவீதம். நாலு வருஷத்துல! மனுஷங்க போட்டது ஒரு பக்கம், கோழிப்பண்ணையில அதே குடும்பத்து மருந்தக் கொட்டினது இன்னொரு பக்கம். கோழிக்குப் போடறத அமெரிக்கா 2005ல தடை பண்ணுச்சு. அதனால இன்னிக்கு தெற்காசியா, தென்கிழக்காசியா வர்றவங்களுக்கு வெளிநாட்டு டாக்டருங்க எழுதறது அஸித்ரோமைசின். அந்த அக்கா டப்பாவுல அது இருந்ததுக்குக் காரணம் இதுதான். பாங்காக் பட்டாயா பேக்கேஜ் போறவங்க வீட்டுல மிச்சம் கிடந்த சிப்ரோவ எடுத்துக்கிட்டுப் போறதுல அர்த்தமே இல்ல.

சிப்ரோ குடும்பத்துல வேற சிக்கலும் இருக்கு. தசைநார் அறுந்து போகலாம்னு 2008ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை குடுத்துச்சு, 2018ல ரத்தச் சர்க்கரை திடீர்னு இறங்கலாம், பெரிய ரத்தக்குழாய் கிழியலாம்னு மேல ரெண்டு சேத்துச்சு. சுகர் மாத்திரை போடற பெரியவங்க இத கவனிக்கணும், நம்ம ஊர் யாத்திரை குரூப்ல பாதிப் பேர் சுகர் மாத்திரை போடறவங்கதான். பால், கால்சியம், இரும்பு மாத்திரை, அசிடிட்டிக்குக் குடிக்கிற ஜெல் இதோட சேத்துப் போட்டா சிப்ரோ உடம்புல சரியா ஏறாது. அஸித்ரோமைசினும் குறையே இல்லாததில்ல, ஏற்கனவே இதயத் துடிப்புல பிரச்சன இருக்கறவங்களுக்கு ஆபத்துன்னு 2013ல எச்சரிக்கை வந்திருக்கு. ரிஃபாக்ஸிமின்னு ஒண்ணு இருக்கு, 2004ல இதுக்குன்னே எஃப்டிஏ அனுமதி வாங்கினது, ரத்தத்துல ஏறாம குடலுக்குள்ளயே வேலை செய்யும், ஆனா காய்ச்சலோ ரத்தமோ இருந்தா அதுக்குப் பலன் இல்ல, குடல் சுவருக்குள்ள பூந்த கிருமிய அதால பிடிக்க முடியாது.

நம்ம ஊர்ல இதெல்லாத்தையும் தாண்டி ஓடறது ஆஃப்லாக்ஸசினும் ஆர்னிடசோலும் சேத்த மாத்திரை. பேதின்னு சொன்னதுமே கை தானா அந்த அட்டைக்குப் போகும், நானும் ஆரம்பத்துல அப்படிக் குடுத்தவன்தான், இன்னிக்கு அத நெனச்சா வருத்தமா இருக்கு. ஆர்னிடசோல் அமீபாவுக்கும் ஜியார்டியாவுக்கும், ஆஃப்லாக்ஸசின் பாக்டீரியாவுக்கும், எதுவா இருந்தாலும் ஒண்ணு பட்டுடும்ங்கற கணக்குதான். ஆனா ரெண்டு நாள் பேதியில அமீபா இருக்கறது ரொம்பக் கம்மி, ஆஃப்லாக்ஸசின் சிப்ரோவோட தம்பி, கிருமிங்க ரெண்டையும் ஒரே மாதிரிதான் தாங்கும். சட்டப்படி இதெல்லாம் ஷெட்யூல் எச், சீட்டு இல்லாம விக்கக் கூடாது, அட்டையில சிவப்புக் கோடு போட்டிருக்கறதே அதுக்குத்தான்.

இப்போ அந்த அக்கா. மதுரைக் கல்யாணம் முடிஞ்சு வந்த மறுநாள் ராத்திரி அவங்க அம்மா போன் பண்ணாங்க, மகளுக்கு எட்டு தடவ போயிடுச்சு, 102 காய்ச்சல், கடைசி ரெண்டு தடவ ரத்தமும் சளியுமா இருக்கு, அந்த டப்பா மாத்திரைய இப்பவாவது போடலாமான்னு. டாக்டர்கிட்ட உடனே பேசச் சொன்னேன். அவர் கேட்டுட்டு ரெண்டு மாத்திரைய ஒரே வேளையா, அதாவது 1000 எம்ஜி போடச் சொல்லி, காலையில நேர்ல வரச் சொன்னாரு. ஒரே வேளையாப் போட்டா குமட்டும், அப்படித் தாங்கலன்னா தினம் 500னு மூணு நாள் போடறதும் உண்டு. ஆன்டிபயாடிக்னா அஞ்சு நாள் கோர்ஸ்னு பழகின நமக்கு இது விசித்திரமாத் தெரியும், ஆனா இந்த நோய்க்கு எழுதறதே ஒரு வேளையோ மூணு நாளோதான், டாக்டர் எழுதினது எவ்வளவோ அவ்வளவு.

அவங்க வீட்டுல லோபெராமைடும் இருந்துச்சு, அதையும் போடலாமான்னு கேட்டாங்க, வேண்டாம்னேன். அது குடலோட ஓட்டத்த நிறுத்தற மாத்திரை, ரத்தமும் காய்ச்சலும் இல்லாத பெரியவங்களுக்கு ரயில்ல, பஸ்ல போற அன்னிக்கு உதவும், ரத்தம் போகும்போது போட்டா கிருமியையும் நச்சையும் உள்ளயே பூட்டி வச்ச மாதிரி ஆயிடும். சின்னப் பசங்களுக்கு அது கிட்டயே போகக் கூடாது. இன்னொரு விஷயம், காய்ச்சலே இல்லாம ரத்தம் மட்டும் நிறையப் போனா ஆன்டிபயாடிக்க நாமளா ஆரம்பிக்கவே கூடாது, ஈ கோலையில ஒரு கொடிய வகை இருக்கு, அதுக்கு ஆன்டிபயாடிக் குடுத்தா கிட்னிய அடிக்கிற ஆபத்து கூடலாம், அதுவும் குழந்தைங்களுக்கு. டெஸ்ட் பண்ணித்தான் முடிவு எடுக்கணும்.

அக்காவுக்கு மறுநாள் சாயங்காலமே காய்ச்சல் விட்டுடுச்சு, மூணாவது நாள் ரசஞ்சாதம் சாப்பிட்டாங்க. அந்த மூணாவது மாத்திரைக்கு வேலை வரல. பையனுக்கு ஓஆர்எஸ்லயே ரெண்டு நாள்ல நின்னிருந்துச்சு, கல்யாணத்துக்கும் போயிட்டு வந்துட்டான்.

ரெண்டு வாரத்துக்கு மேல இழுத்தா அது வேற கதை, ஜியார்டியா மாதிரி ஒட்டுண்ணியா இருக்கலாம், இல்ல ஆன்டிபயாடிக் போட்டதாலயே வர்ற சி டிஃப் பேதியா இருக்கலாம், மல டெஸ்ட் இல்லாம இன்னொரு ஆன்டிபயாடிக் போடக் கூடாது. ஊருக்குத் திரும்பின பிறகு காய்ச்சல் மட்டும் நிக்காம இருந்தா டைஃபாய்டு பாக்கணும், நடுவுல நாமளா ரெண்டு ஆன்டிபயாடிக் போட்டிருந்தா ரத்தக் கல்ச்சர்ல கிருமி வளராமப் போகலாம், டாக்டருக்கு இருட்டுல தேடற மாதிரி ஆயிடும்.

அங்கதான் நம்ம கடை வழக்கம் ஒண்ணு காலை வாரிவிடுது. பத்து மாத்திரை அட்டையில ரெண்டு கேட்டா கத்தரியால மூலையில ரெண்ட வெட்டிக் குடுப்போம், பேரும் எக்ஸ்பைரி தேதியும் மீதி அட்டையிலயே தங்கிடும். ஒரு வாரம் கழிச்சு அவர் வேற ஊர்ல ஒரு டாக்டர் முன்னாடி உக்காந்து, என்ன மாத்திரை போட்டீங்கன்னு கேட்டா, "வெள்ளையா, நீளமா, நடுவுல கோடு இருந்துச்சு"ன்னு சொல்லுவாரு. வெள்ளையா நீளமா கோடு போட்டது எங்க ரேக்லயே நாப்பது இருக்கு. அதனால இப்போ நான் சீட்டோட வர்றவங்களுக்கும் மாத்திரை பேரு, எம்ஜி, தேதி மூணையும் கவர் மேல பேனாவுல எழுதித்தான் குடுக்கறேன், நீங்க வாங்கற கடையில எழுதலன்னா கேட்டு எழுதி வாங்குங்க, இல்லன்னா வெட்டறதுக்கு முன்னாடி முழு அட்டையையும் போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.